பென்சில் கோடும் 1,530 குடும்பங்களும்

தொண்ணூறு நாள்! அதற்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்!

1952 டிசம்பர் 4ஆம் தேதியிட்டு நியூயார்க் மாநகரத்தின் பிராங்ஸ் பகுதியிலே, ஈஸ்ட் டிரெமான்ட் என்ற பேட்டையில் குடியிருந்த மக்களுக்கு வந்து சேர்ந்த கடிதம் இது. கையொப்பமிட்டவர் ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி. வாடகை பாக்கி வைத்தார்களா அந்த மக்கள்? இல்லை. கலகம் செய்தார்களா? அதுவும் இல்லை. மோசஸின் மேசையிலே விரிந்து கிடந்த வரைபடத்தில் அவர் பென்சிலால் இழுத்த கோட்டுக்கு நேர் கீழே அவர்கள் வீடுகள் இருந்தன. அந்தக் குற்றத்துக்குத்தான் தொண்ணூறு நாள் தவணை!

கோட்டின் பெயர் கிராஸ் பிராங்ஸ் விரைவுச் சாலை. மேற்கே ஹார்லெம் ஆற்றிலிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ 7 மைல். 1948இல் வெட்டத் தொடங்கி, 1963இல் பெரும்பகுதியை முடித்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சியிலிருந்து வரும் லாரிகள், நகரத்துத் தெருக்களிலே சிக்காமல் வடகிழக்கு மாநிலங்களுக்கு ஓட வேண்டும் என்பது திட்டம்.

“எங்கோ அமெரிக்காவிலே போட்ட சாலையைப் பற்றி நமது ஏட்டிலே எழுதுவானேன்?” என்று தோழர்கள் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். மாநகரத்தின் நடுவே விரைவுச் சாலை போடும் வித்தையை உலகுக்குக் காட்டியவர் மோசஸ். அந்த வித்தையைக் கண்டு வியந்த ஊர்கள் பல. வித்தைக்கு விலை கொடுத்தவர் யார், கொடுத்த விலைக்குச் சரக்கு கிடைத்ததா என்று கணக்குப் பார்த்தவர் சிலரே. உழைத்துப் பிழைக்கிறவன் அந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் வேலையின் அளவைப் பாருங்கள். பிராங்ஸ் நிலத்திலே பாறை முகடுகள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. சாலையோ கிழக்கு மேற்கு. ஆகவே முகட்டை வெடி வைத்துப் பிளந்தார்கள். பள்ளத்திலே தூண் நிறுத்தி மேலே ஏற்றினார்கள். 113 தெருக்கள் குறுக்கே வந்தன. ரயில் பாதைகள், தூண்மேல் ஓடும் நகர ரயில்கள், நூற்றுக்கணக்கான குடிநீர், சாக்கடைக் குழாய்கள் அத்தனையும் குறுக்கே! கிராண்ட் கன்கோர்ஸ் என்ற பெருவீதியின் அடியிலே சுரங்க ரயில் போகிறது. அந்தச் சுரங்கத்துக்கும் அடியிலே சாலையைக் கொண்டு போனார்கள். ஒரு நாள்கூட ரயில் நிற்கக் கூடாது, தண்ணீர் நிற்கக் கூடாது என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை. அந்தப் பொறியாளர்களின் திறமையையும், பாறை உடைத்த தொழிலாளியின் கைகளையும் நாம் குறைத்துப் பேசவில்லை.

ரயிலுக்கு இவ்வளவு பரிவு. குழாய்க்கு இவ்வளவு கவனம். மனிதனுக்கு?

ஈஸ்ட் டிரெமான்ட்டிலே குடியிருந்தவர்கள் சீமான்களல்லர். பெரும்பாலோர் யூதர்கள்; கிழக்கு ஐரோப்பாவிலே பட்ட துன்பத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்கள் மக்களும். துணி வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டுப் பிழைத்தவர்கள் அவர்களிலே மிகுதி. வாடகை கையைக் கடிக்காது. பக்கத்திலே குரோட்டோனா பூங்கா. வேலைக்குப் போக ரயில். பள்ளிக்கூடமும் கடையும் நடந்து போகிற தூரத்திலே. ஒரு தொழிலாளி குடும்பம் இதைவிட வேறென்ன கேட்கும்?

கோட்டின் ஒரே ஒரு மைல் துண்டுதான் இந்தப் பேட்டை வழியாகச் சென்றது. அந்த ஒரு மைலுக்கு 54 அடுக்கு வீட்டுக் கட்டிடங்கள் பலி; 1,530 குடும்பங்கள் வெளியே.

அந்த வீட்டுத் தாய்மார்கள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. சங்கம் அமைத்தனர். வரைபடத்தை வாங்கிப் பார்த்தனர். தெரிந்த பொறியாளர்களை அழைத்து, “வேறு வழி உண்டா?” என்று கேட்டனர். இருந்தது! கோட்டை இரண்டே தெரு தெற்கே நகர்த்திப் பூங்காவின் ஓரமாகக் கொண்டு போனால் இடிபடும் குடியிருப்புக் கட்டிடங்கள் 6. வெளியேற வேண்டிய குடும்பங்கள் 19.

ஒரு பக்கம் 1,530. மறு பக்கம் 19. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவனும் போடக்கூடிய கணக்கு! மோசஸுக்கு மட்டும் வரவில்லை. மாற்று வழியில் ஒரு போக்குவரத்துக் கம்பெனியின் பஸ் டிப்போ இருந்தது, அதைக் காப்பாற்றத்தான் கோடு நகரவில்லை என்ற பேச்சு அந்நாளில் உலவியது. மோசஸின் வரலாற்றை 1974இல் நூலாக வெளியிட்ட ராபர்ட் காரோ அந்தப் பேச்சையும் ஆராய்ந்திருக்கிறார். அது உண்மையோ, வறட்டுப் பிடிவாதம்தானோ, கோடு அசையவில்லை என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

1953இல் மேயர் தேர்தல் வந்தது. வேட்பாளர் ராபர்ட் வாக்னர், அந்த வழியை எதிர்ப்பேன் என்று தாய்மார்களுக்கு வாக்களித்தார். வென்றார். நாற்காலியில் அமர்ந்தார். பிறகு? இசைந்தார்! (இந்த நாடகத்தை நாம் எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று தோழர்கள் சிரிப்பது காதில் விழுகிறது.)

மேயரையே மடக்கக்கூடிய மோசஸ் மக்களிடம் வாக்கு வாங்கி வந்தவரா? ஒரே ஒரு முறை, 1934இல், நியூயார்க் மாநில ஆளுநர் பதவிக்கு நின்றார். மக்கள் அவரைப் பெருந்தோல்வி காணச் செய்தனர். அதன் பிறகு வாக்குப் பெட்டிப் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. நியமனப் பதவிகள் போதும் என்று இருந்துவிட்டார். ஒரே நேரத்தில் 12 பதவிகள் வரை!

பதவிகளின் ஆணிவேர் எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். ட்ரைபரோ பால ஆணையம் என்று ஒன்று. பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு மோட்டாரும் சுங்கம் செலுத்த வேண்டும். அந்தச் சில்லறை சேர்ந்து மலையாயிற்று. மலையைக் காட்டிக் கடன் பத்திரம் விற்றார். பத்திரம் வாங்கிய பாங்குகளுக்கு அவரைக் காப்பாற்றும் அக்கறை வந்துவிட்டது. சட்டமன்றத்திலே போய் மானியம் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பணத்துக்காக யாரிடமும் கையேந்தாத அதிகாரி, யாருக்கும் பதில் சொல்லவும் தேவையில்லாத அதிகாரியானார். 1968இல் அந்த ஆணையத்தைப் பெரிய போக்குவரத்து அமைப்போடு இணைத்தபோதுதான் அவர் ஆட்சி முடிந்தது.

இன்னொன்று கேளுங்கள். நியூயார்க் முழுவதும் மோட்டார் சாலைகளை வரைந்து தள்ளிய அந்த மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது! கடைசிவரை கற்கவில்லை. பின்னால் உட்கார்ந்து ஃபைல் படித்தபடியே போனவர், சாரதி வேறொருவர். நெரிசலிலே நிற்பவனின் எரிச்சல் அவருக்கு எப்படித் தெரியும்?

நெரிசல் என்றோம். இத்தனை வீடுகளைத் தின்ற சாலை, சொன்ன வேலையையாவது செய்ததா? நாள் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் வண்டிகளுக்குக் குறையாமல் அதில் நுழைகின்றன. பக்கத்துக்கு மூன்று தடம். ஓரம் ஒதுங்க இடமில்லாத பகுதிகள் பல. ஒரு லாரி பழுதானால் பின்னால் மைல் கணக்கில் வரிசை. அமெரிக்காவிலேயே மிக மோசமான நெரிசல் சாலைகள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் கிராஸ் பிராங்ஸ் தவறாமல் வருகிறது. விரைவுச் சாலை என்று பெயர்!

“அகலம் போதவில்லை, அகலப்படுத்து” என்பார்கள். டெக்சாசிலே, ஹூஸ்டன் நகரில், கேட்டி சாலையை அப்படித்தான் அகலப்படுத்தினார்கள். ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவு. 2008இல் முடிந்தபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள்! என்ன ஆயிற்று? 2011க்கும் 2014க்கும் இடையில் மட்டும் மாலை நேரப் பயண நேரம் பாதிக்கு மேல் கூடிற்று. காரணம் மாயமல்ல. சாலை அகன்றது என்றதும், ரயிலில் போனவன் காரில் ஏறுகிறான். நேரம் பார்த்துக் கிளம்பியவன் நினைத்த நேரத்தில் கிளம்புகிறான். ஊருக்கு வெளியே முப்பது மைலில் மனை விற்கிறவன் கொடி நட்டுவிடுகிறான். புதுச் சாலை பழைய வண்டிகளுக்கு இடம் தருவதோடு நிற்காமல் புது வண்டிகளையும் பெற்றெடுக்கிறது.

பிராங்ஸின் பிற்கால அழிவு முழுவதையும் இந்தச் சாலையின் தலையிலேயே சுமத்த மாட்டோம். 1970களிலே தெற்கு பிராங்ஸ் வீதி வீதியாகத் தீப்பற்றி எரிந்ததற்குக் காரணங்கள் பல. கடன் தர மறுத்த பாங்குகள் உண்டு. தீயணைப்பு நிலையங்களை மூடிய நகர ஆட்சி உண்டு. பராமரிக்காமல் வாடகை மட்டும் வாங்கிய வீட்டுக்காரர்கள் உண்டு. ஆனால் உயிரோடிருந்த பேட்டையின் வயிற்றைக் கிழித்து, வெடிச் சத்தத்தையும் புழுதியையும் ஆண்டுக்கணக்கில் ஊட்டியது யார்? இடிபடாத வீட்டிலிருந்தவனும் மூட்டை கட்டினான். விலகியவர்கள் விட்ட இடத்துக்கு வேறெங்கும் இடம் கிடைக்காத ஏழைகள், கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும், வந்து சேர்ந்தனர். இன்று அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அவர்களின் வாரிசுகள். ஆஸ்துமாவினால் மருத்துவமனைக்குப் போவோர் நியூயார்க்கிலேயே பிராங்ஸில்தான் மிகுதி. அங்கே பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குச் சொந்தக் காரே கிடையாது! வண்டி ஒருவனுக்கு, மூச்சுத் திணறல் மற்றவனுக்கு.

கோட்டை நிறுத்தவே முடியாதா? முடிந்திருக்கிறது. இதே மோசஸ் கீழ் மன்ஹாட்டனுக்குக் குறுக்கே போட நினைத்த சாலையை ஜேன் ஜேக்கப்ஸ் முதலானோர் எதிர்த்து நின்றனர். 1962இல் நகர மன்றம் மறுத்தது. 1969இல் திட்டமே கைவிடப்பட்டது. சான்பிரான்சிஸ்கோவில் 1959இலேயே பல விரைவுச் சாலைத் திட்டங்களை நகர மன்றம் ரத்து செய்தது. ஏற்கெனவே கட்டிய கடற்கரை மேம்பாலச் சாலையும் 1989 நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. 1991இல் இடிக்கத் தொடங்கினர். ஊர் மூழ்கிவிடவில்லை, கடற்கரை மக்களுக்குத் திரும்பிற்று.

இந்த ஊர்களிலே பத்திரிகை தெரிந்தவர்களும் செல்வாக்குள்ளவர்களும் போராட்டத்தில் இருந்தனர். செயின்ட் பால் நகரத்தில், ராண்டோ என்ற கறுப்பின மக்களின் பேட்டைக்கு அந்தத் துணை இல்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. மாநிலங்களுக்கிடையே ஓடும் சாலைக்கு நூற்றுக்கு 90 பங்கு மத்திய அரசே கொடுக்கும் என்றது. தொண்ணூறு காசு இனாம் என்றால் எந்த நகரம் வேண்டாம் என்னும்? ராண்டோவின் நடுமுதுகில் சாலை ஏறியது. நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. 2015இல் அந்நகர மேயர் மன்னிப்புக் கேட்டார். கேட்டது பண்புதான். கேட்க வேண்டிய முதியவர்களில் பலர் அப்போது மண்ணுக்குள் இருந்தனர்.

சாலையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அரிசி வர வேண்டும், துணி போக வேண்டும், லாரி ஓட்டுகிறவனும் தொழிலாளிதான். நாம் கேட்பது, கோடு போடுமுன் கோட்டின் மேல் குடியிருப்பவனைக் கேள் என்பது. மாற்று வழியின் கணக்கை ஊரறியப் படி. வாடகைக்கு இருப்பவனையும் மனிதக் கணக்கிலே சேர். மத்திய அரசின் பணத்தில் நடக்கும் திட்டங்களால் வெளியேறும் வாடகைக்காரருக்கும் உதவி தர வேண்டும் என்ற பொதுச் சட்டம் அமெரிக்காவிலேயே 1970ஆம் ஆண்டுச் சட்டமாகத்தான் வந்தது. ஈஸ்ட் டிரெமான்ட் மக்கள் சிதறிப் போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகு!

இப்பொழுது அங்கே ஒரு புதுப் பேச்சு. பள்ளத்தில் ஓடும் பகுதிகளுக்கு மேலே மூடி போட்டுப் பூங்கா அமைக்கலாமா, புகையை அடக்கலாமா என்று ஆராய 2022இல் மத்திய அரசு 20 லட்சம் டாலர் ஒதுக்கியது. நல்ல யோசனைதான். ஆனால் புகை அடங்கி மரம் நிழல் தரத் தொடங்கினால் அந்தத் தெருவின் வாடகை ஏறும். எழுபது ஆண்டு புகை குடித்தவன் நிழல் வரும்போது அங்கே இருப்பானா, அவனுக்கு மறுபடியும் ஒரு தொண்ணூறு நாள் கடிதம் வருமா? இதற்கான பதிலைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லி அந்தப் பேட்டை மக்கள் வற்புறுத்த வேண்டும். அச்சாகி வருமுன்னரே வற்புறுத்த வேண்டும்.