விழித்த கண்ணும் கழுத்துச் சுரப்பியும்

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பிலோ தெருவிலோ யாருக்காவது 'முட்டைக்கண்' என்று பட்டப்பெயர் உண்டா? பிறவியிலேயே அகன்ற கண் உடையவர்களை நான் சொல்லவில்லை. சில மாதங்களுக்குள் கண் அப்படி மாறிவிட்டவர்களைச் சொல்கிறேன். அவர்களுக்குத் தேவை பட்டப்பெயர் அன்று, மருத்துவர். இதை நானும் காலந்தாழ்த்தித்தான் அறிந்துகொண்டேன்.

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் அவர் என்னை முறைத்துப் பார்ப்பதாகச் சில மாதங்கள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், "சார், சுவர்க் கடிகாரம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தெரிகிறது" என்றார். "இரவு சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது" என்று சிரித்துவிட்டேன். ஒளியியல் கற்பிக்கும் நான், "ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறைகிறதா?" என்றாவது கேட்டிருக்க வேண்டாமா? மறைந்தால், இரு கண்களும் ஒரே திசையை நோக்கவில்லை என்பது பொருள்.

கழுத்தின் முன்புறத்தில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. நம் உடலின் எதிர்ப்பாற்றல் சில வேளைகளில் வழிதவறி, இந்தச் சுரப்பியையே ஓயாது தூண்டிவிடுகிறது. அதே கோளாறு கண்ணுக்குப் பின்னுள்ள தசைகளையும் கொழுப்பையும் வீங்கச் செய்வதுண்டு. டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-லும், ஜெர்மானிய மருத்துவர் பாசெடோ 1840-லும் இந்நோயை விவரித்தார்கள்.

இனி இயற்பியலுக்கு வருவோம். கண்குழி என்பது ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள எலும்புப் பெட்டி. அதில் விழிக்கோளம் சுமார் 7 மில்லிலிட்டர்தான். மற்ற இடத்தைத் தசையும் கொழுப்பும் நரம்பும் நிரப்புகின்றன. எலும்பு விரிந்து கொடுக்காது. உள்ளே வீக்கம் கண்டால், திறந்திருக்கும் முன்புறமாக விழி தள்ளப்படுகிறது. அப்படி நகர இடமில்லாவிட்டால் அழுத்தம் பார்வை நரம்பின் மேல் விழும். ஆகவே, அதிகம் பிதுங்காத கண்ணிலும் ஆபத்து இருக்கக்கூடும். விழியின் கீழ்த்தசை இறுகினால் மேல்நோக்கிப் பார்ப்பது கடினமாகும். உதவியாளரின் கடிகாரம் இரண்டானது இதனால்தான்.

தொடக்க அடையாளங்கள் மிகச் சிறியவை. இயல்பாக மேல் இமை கருவிழியின் உச்சியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடியிருக்கும். அங்கே வெள்ளை தெரிந்தால் கவனியுங்கள். ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தாலும் சரியே. உங்கள் விரலை அவர் கண்முன் மெல்லக் கீழே இறக்கும்போது, விழி இறங்கியும் இமை பின்தங்கி நிற்கலாம். மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், சிவப்பு, நீர்வடிதல், காலையில் இமைவீக்கம் ஆகியவையும் உண்டு. இவற்றை 'மெட்ராஸ் ஐ' என்று எண்ணிக் கடையில் சொட்டு மருந்து வாங்குவோர் பலர். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும், இது தணியாது.

என்னைக் கேட்டால், இதற்கு மிகச் சிறந்த கருவி பழைய புகைப்படந்தான். நாள்தோறும் பார்க்கும் முகத்தில் மாற்றம் நமக்குப் புலப்படாது. இரண்டாண்டுக்கு முந்தைய படத்தை அருகில் வைத்துப் பாருங்கள்.

நோயை முடிவு செய்வது உங்கள் வேலையன்று. அதற்கு இரத்தப் பரிசோதனையும் கண் மருத்துவரும் வேண்டும். தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தும் கண் பாதிக்கப்படுவோர் சிலர் உண்டு. பார்வை மங்கினாலோ, சிவப்பு நிறம் ஒரு கண்ணுக்கு வெளிறித் தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். புகைபிடிப்பது இந்நோயைக் கடுமையாக்கும் என்பது உறுதி. வீட்டில் பெரியவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

எங்கள் உதவியாளரை மருத்துவரிடம் அனுப்பியது நானல்லன். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள், தந்தையின் பழைய அடையாள அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுப் பிடிவாதமாக அழைத்துச் சென்றாள். சிகிச்சைக்குப் பின் இப்போது பட்டகம் பதித்த கண்ணாடி அணிகிறார். கடிகாரம் ஒன்றாகத் தெரிகிறதாம். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.