விதைநெல்லும் வீடியோ கேசட்டும்

இருபது வருஷத்துக்கு முன்னால, அம்பாசமுத்திரத்துல எங்க வயல்ல கார் நடவை ஹேண்டிகேம்ல எடுத்தேன். ஆச்சி குலவை போட, பொம்பளையாட்கள் அம்பை 16 நாத்து நட்டுக்கிட்டே பாடுறாங்க. இன்னைக்கு ஆச்சியும் இல்ல, அந்தப் பாட்டும் இல்ல. நடவு மிஷின் வந்தாச்சு.

அந்த மினி டி.வி. கேசட்டை ஏத்தலாம்னா, புது லேப்டாப்பில் ஃபயர்வயர் சொருகவே இடமில்லை. பழைய டெஸ்க்டாப்பில் கார்டு போட்டுத்தான் ஏத்தினேன். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். அதுக்கப்புறம் வந்த மெமரி கார்டு கேமராக்களோட எம்டிஎஸ் ஃபைலை எடிட்டிங் சாஃப்ட்வேர் ஏத்துக்கலைன்னா, இலவசமா கிடைக்கிற ஹேண்ட்பிரேக்கில் எம்பி4 ஆக்கிக்கலாம்.

நான் சொல்றது இதுதான்: வெட்டி ஒட்டுற வேலையெல்லாம் அப்புறம். முதல்ல முழுசா ஏத்தி, அசலை அப்படியே ரெண்டு ஹார்டு டிஸ்க்கில் வைங்க. வாட்ஸ்அப்பில் அனுப்புறது சோறு, அசல்தான் விதைநெல். விதைநெல்லை யாராவது பொங்கித் தின்பாங்களா?

கேசட் இருந்தும் அதை ஓட்டுற கேமரா அருகிக்கிட்டே வருது. இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுப் பரணையும் ஒரு தடவை ஏறிப் பாருங்க.