குட்டிப் பாம்புக்கு நிதானம் தெரியாதாம்!

செப்டம்பர் பிறந்துவிட்டால் தெற்கு கலிபோர்னியாவில் ஓர் எச்சரிக்கை ஊர்வலம் வரத் தொடங்கும். சான் டியாகோவில் ஓடைப் பள்ளங்களை ஒட்டிய வீடுகளில், லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிய குன்றுகளின் நடைபாதைகளில், ஆன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவில் கூடாரம் அடித்தவர்கள் நடுவில், எங்கும் இதே பேச்சு: "பெரிய கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். குட்டி கடித்தால் அவ்வளவுதான்." அப்பா மகனுக்குச் சொல்கிறார், மகன் பள்ளியில் சொல்கிறான். தொலைக்காட்சிச் செய்தியில் சொல்கிறார்கள். விவரம் தெரிந்திருக்க வேண்டியவர்களும் சொல்கிறார்கள். இர்வைனிலும் சான் டியாகோவிலும் குடியேறிய நம்மவர்களும் போன சில ஆண்டுகளிலேயே இதைக் கற்றுக்கொண்டு, ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு ஒப்பிக்கிறார்கள்.

கேட்பதற்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது. பொருத்தமாக இருப்பதுதான் இதன் பலம். உண்மை இதற்கு நேர் எதிரானது.

இந்த நம்பிக்கைக்கு மூன்று கால்கள். ஒன்று, குட்டிக்கு நஞ்சை அளந்து விடத் தெரியாது. கடித்தால் இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். இரண்டு, வளர்ந்த பாம்பு அனுபவசாலி. மனிதனைத் தின்ன முடியாது என்று அதற்குத் தெரியும், ஆகவே நஞ்சை மிச்சம் பிடித்துக் கடிக்கும். மூன்று, அதனால் குட்டியின் கடிதான் அதிக ஆபத்து. முதலாவதற்குச் சான்று இல்லை. இரண்டாவதில் பாதி கற்பனை. மூன்றாவது அப்பட்டமான பொய். அந்த மூன்றாவதுதான் ஆட்களின் உயிரோடு விளையாடுகிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கலிபோர்னியாவின் தென் கடற்கரை ஓரமாக, புதர்க்காடுகளிலும் குன்றுகளிலும் அதிகம் தென்படுவது தெற்கு பசிபிக் கிலுகிலுப்பைப் பாம்பு. மெக்சிகோ எல்லையைத் தாண்டி பாஹா கலிபோர்னியாவுக்குள்ளும் அது பரவியிருக்கிறது. இது முட்டையிடும் இனம் இல்லை. கோடையின் கடைசியில் உயிருள்ள குட்டிகளை ஈனும். பிறந்த குட்டி ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வளர்ந்தது மூன்று அடி, நான்கு அடி. நீளம் மூன்று மடங்கானால் உடம்பின் கொள்ளளவு 27 மடங்காகும். நான்கு மடங்கானால் 64. தலையும் நச்சுப்பையும் இதே விகிதத்தில் துல்லியமாக வளர்வதில்லை, ஆனாலும் போக்கு இதுதான். நஞ்சைக் கறந்து அளந்தவர்கள் சொல்லும் கணக்கும் இதன் அருகிலேயே நிற்கிறது: வளர்ந்த பாம்பால் குட்டியைவிட 20 முதல் 50 மடங்கு நஞ்சைச் செலுத்த முடியும்.

கறப்பது என்றால் என்னவென்று கொஞ்சம் பார்த்துவிடலாம். கண்ணாடிக் குவளையின் வாயில் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டுவார்கள். பாம்பின் கழுத்தைத் தாடைக்குப் பின்னால் பிடித்து, வாயைக் குவளை விளிம்பில் வைப்பார்கள். நச்சுப்பற்கள் இரண்டும் சவ்வைத் துளைத்து உள்ளே இறங்கும். வளர்ந்த பாம்பென்றால் மஞ்சள் திரவம் கண்ணாடியில் வழிந்து அடியில் தேங்கும். பிறந்த குட்டியென்றால் சிறு துளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவே. உலர்த்தி எடை போட்டால் வித்தியாசம் தராசிலேயே தெரிந்துவிடும்.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் சான் டியாகோக்காரரான லாரன்ஸ் கிளாபர். தொழிலில் மின் பொறியாளர். அந்த ஊர் மின்சார, எரிவாயு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புவரை உயர்ந்தவர். மிச்ச நேரமெல்லாம் கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கே போயிற்று. 1956-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் இரண்டு பெரும் தொகுதிகளாக வெளியிட்ட அவரது நூலைத் தாண்டி இந்தப் பாம்புகளைப் பற்றி இன்றைக்கும் யாரும் பேசிவிட முடியாது. பாம்பின் நீளம் கூடக் கூட நஞ்சின் அளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த செய்தி. சான் டியாகோவிலேயே அளந்து எழுதப்பட்ட உண்மை அதே ஊரின் வாய்ப்பேச்சில் தோற்றுப்போயிருக்கிறது.

சரி, ஒரு பேச்சுக்கு எதிர்த்தரப்பு சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்வோம். குட்டி ஒரு துளி மிச்சம் வைக்காமல் கொட்டிவிடுகிறது. பெரிய பாம்பு பெரிய மனது பண்ணி, பத்தில் ஒரு பங்கை மட்டும் விடுகிறது. 20 மடங்கு என்ற குறைந்தபட்சக் கணக்கை எடுத்தாலும் பெரியது விட்ட பத்தில் ஒரு பங்கு, குட்டி கொட்டிய மொத்தத்தைப்போல இரண்டு மடங்கு. செம்பை முழுக்கக் கவிழ்த்தாலும் அண்டாவிலிருந்து சிந்தியதற்கு ஈடாகுமா? அவர்கள் சொல்லும் எல்லாவற்றையும் நம்பினாலும் அவர்கள் வந்து சேரும் முடிவு தப்பாகவே இருக்கிறது.

இனி அந்த 'நிதானம்' பற்றி. நச்சுப்பையைப் பிழிவது அதைச் சுற்றியுள்ள தசை. அந்தத் தசை பிறக்கும்போதே வேலை செய்யும் நிலையில் இருக்கிறது. வேலை செய்தாகவும் வேண்டும். ஏனென்றால் குட்டிக்கு இரை தேடிக் கொடுக்க யாரும் இல்லை, முதல் பல்லியை அதுவேதான் பிடித்தாக வேண்டும். கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஹேய்ஸ் இளம் பிரெய்ரி கிலுகிலுப்பைப் பாம்புகளுக்குச் சிறிய எலியும் பெரிய எலியும் கொடுத்துச் சோதித்து 1995-இல் எழுதினார். இரை பிடித்துப் பழகிய இளம் பாம்புகள் பெரிய எலிக்கு அதிக நஞ்சைச் செலுத்தின. நிதானம் வருவதற்கு வயதாக வேண்டும் என்று காத்திருக்கவில்லை.

வளர்ந்த பாம்பு உண்மையிலேயே அளந்து விடுகிறதா என்பதே விஞ்ஞானிகளுக்குள் முடியாத வழக்கு. அளக்கிறது என்பது ஹேய்ஸ் கட்சி. 2002-இல் புரூஸ் யங்கும் உடன் எழுதியவர்களும் அதை மறுத்தார்கள்: நஞ்சு எவ்வளவு பாயும் என்பதைப் பல் இறங்கும் இடமும் அங்குள்ள தசையின் எதிர்ப்பும் தீர்மானிக்கலாமே, பாம்பின் தீர்மானம் என்று ஏன் கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஆராய்ச்சிக்கூடத்தில் தீராத இந்த விஷயத்தில், நடைபாதையில் நிற்பவர் மட்டும் பாம்பின் மனதுக்குள் புகுந்து பார்த்தவர்போலத் தீர்ப்புச் சொல்கிறார். கிலுகிலுப்பைப் பாம்புக் கடிகளில் ஐந்தில் ஒன்றோ நான்கில் ஒன்றோ நஞ்சேறாத வெறும் கடி என்பது உண்மை. அந்த வெறும் கடி பெரிய பாம்பு நமக்குக் காட்டும் சலுகை என்று எழுதிக் கொடுத்தவர் யார்? மிதிபட்டு மிரண்ட பாம்பிடம் சிக்கனத்தை எதிர்பார்ப்பவர் அதன் கடியை வாங்கிப் பார்க்காதவர்.

பாம்புக் கணக்கை விட்டு மருத்துவமனைக் கணக்குக்கு வருவோம். தெற்கு கலிபோர்னியாவில் கடிபட்டு வந்த 145 பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2010-இல் வெளிவந்தது. பாம்பின் அளவையும் கடியின் கடுமையையும் ஒப்பிட்டதில் அவர்கள் கண்டது, பெரிய பாம்பு கடித்தவர்களுக்குப் பாதிப்பும் பெரிது என்பதே. குட்டிதான் எமன் என்றால் இந்தக் குறிப்புகளில் அது தெரிந்திருக்க வேண்டாமா?

நேர்மையாக வாதிட வேண்டுமானால் எதிர்த்தரப்பில் இருக்கும் உண்மைத் துணுக்குகளையும் எடுத்து வைக்க வேண்டும். பசிபிக் கடலோரக் கிலுகிலுப்பைப் பாம்புகளின் நஞ்சு வயதோடு மாறுகிறது. ஸ்டீபன் மெக்கெஸ்ஸி 1988-இல் காட்டியபடி, குட்டியின் நஞ்சு துளிக்குத் துளி ஒப்பிட்டால் எலியைக் கொல்வதில் கூடுதல் வீரியம் உடையது. வளர்ந்ததன் நஞ்சில் சதையை அரிக்கும் நொதிகள் அதிகம். குட்டி பல்லி தின்னும், வளர்ந்தது அணிலும் எலியும் தின்னும். இரைக்கு ஏற்ற நஞ்சு. ஆனால் கடிபட்டவரின் உடம்பில் இறங்குவது ஒரு துளிக்கு ஒரு துளி இல்லையே! வீரியத்தில் குட்டிக்கு இருக்கும் முன்னிலை, அளவில் இருக்கும் இருபது, ஐம்பது மடங்கில் அடிபட்டுப் போகிறது. அந்த 145 பேரின் குறிப்புகள் சொல்வதும் அதைத்தான்.

இன்னொன்று, குட்டி சத்தம் போடாது. பிறக்கும்போது வால் நுனியில் ஒரு குமிழ் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் சேரும். வளையத்தோடு வளையம் உரசினால்தான் கிலுகிலுப்பு. ஆகவே குட்டி இருப்பதை அறியாமல் மிதித்துவிட வாய்ப்பு உண்டு. காலடியைப் பார்த்து நடக்க இது நல்ல காரணம். குட்டியின் நஞ்சு கொடியது என்பதற்கு இது சாட்சி ஆகாது. பெரிய பாம்பும் எப்போதும் கிலுகிலுப்பதில்லை. பல நேரம் அசையாமல், நாம் கடந்து போகட்டும் என்று கிடக்கும்.

பாலைவனத்துக்குப் போனால் இன்னொரு சிக்கல். மணலில் பக்கவாட்டில் நழுவிப்போகும் சைட்வைண்டர் வளர்ந்த பிறகும் இரண்டடி தேறினால் பெரிது. அதைப் பார்த்து 'ஐயோ, குட்டி!' என்று அலறுகிறவர் ஒரு பாட்டியைப் பார்த்து அலறிக்கொண்டிருக்கலாம். மோஹாவி, வெஸ்டர்ன் டைமண்ட்பேக், ஸ்பெக்கிள்டு என்று பல இனங்கள் உலவும் இடத்தில், வயதை வைத்து ஆபத்தை எடைபோடுவது ஆகாத காரியம். இனத்தையும் பருமனையும் வைத்து எடைபோட்டாலாவது ஓரளவு பொருள் உண்டு.

இவ்வளவு இருந்தும் இந்தப் பேச்சு ஏன் சாகவில்லை? கதை அழகாக இருக்கிறது, அதனால்தான். இளங்கன்று பயமறியாது, கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று பழகிய காது இதைக் கேட்டவுடன் தலையாட்டிவிடும். இளமை என்றால் அவசரம், முதுமை என்றால் பக்குவம் என்று மனிதருக்குச் சொல்லும் நீதியைப் பாம்பின் தலையில் கட்டியிருக்கிறோம். போதாக்குறைக்கு, பெரிய பாம்பு கடித்து ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தால் அதில் வியப்பில்லை, யாரும் கதையாகச் சொல்வதில்லை. விரல் தண்டிக் குட்டி கடித்துக் கை முழங்கைவரை வீங்கினால் அந்தச் செய்தி பத்து வருடம் ஊரில் உலவும். நினைவில் நிற்பவற்றை மட்டும் கூட்டினால் கணக்கு இப்படித்தான் வரும்.

'குழந்தைகளைக் காப்பாற்றச் சொல்கிற பொய்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று ஒரு சமாதானம் உண்டு. இது காப்பாற்றுகிற பொய் இல்லை. குட்டியைப் பற்றிப் பயமுறுத்தும் அதே வாய் பெரியதைப் பற்றி ஆறுதல் சொல்கிறது. 'வளர்ந்ததுதான், அளவாகத்தான் விட்டிருக்கும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்று ஒருவரை எண்ண வைத்தால் போதும்; விஷமுறிவு மருந்துக்கு விரைய வேண்டிய நேரம் வீணாகும். அமெரிக்காவில் க்ரோஃபாப் என்ற விஷமுறிவு மருந்து 2000-இலும் அனாவிப் என்ற மருந்து 2015-இலும் அனுமதி பெற்றுவிட்டன. அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்கு ஏழெட்டாயிரம் பேரை நச்சுப்பாம்புகள் கடித்தும் இறப்பவர்கள் ஐந்து பேர் அளவில் நிற்பதற்கு இத்தகைய மருந்தும் விரைவான சிகிச்சையும் முக்கியக் காரணம். பிழைத்தவர்களிலும் விரலை இழந்தவர்கள், கை முடங்கியவர்கள் உண்டு. எத்தனை குப்பி ஏற்றுவது என்பதை மருத்துவர் வீக்கத்தையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து முடிவு செய்கிறார். பாம்பின் வயதைக் கேட்டு முடிவு செய்வதில்லை. ஆனால் குட்டியா பெரியதா என்று 'உறுதி செய்ய' பாம்பைத் துரத்திப்போய் இரண்டாவது கடி வாங்க வழிகாட்டுவது இந்த நம்பிக்கைதான்.

இன்னும் ஒன்று. தாய்ப் பாம்பு குட்டிகள் முதல் சட்டை உரிக்கும்வரை, ஒரு வாரம் பத்து நாள், பெரும்பாலும் அவற்றோடேயே இருக்கும். பிறந்த குட்டியைப் புதரோரம் கண்டால் தாயும் பக்கத்தில் சுருண்டு கிடக்கலாம். குட்டிதான் ஆபத்து என்று அதன்மேலேயே கண்ணை வைத்து, மண்வெட்டியோடு நெருங்குகிறவர் இருபது மடங்கு நஞ்சு இருக்கும் இடத்தைப் பார்க்காமல் கால் வைக்கிறார். வெட்டிய தலையும் நெடுநேரம் கடிக்கக்கூடியது என்பது அவருக்குத் தெரியாவிட்டால் இன்னும் மோசம். ரோட்ரன்னர் பறவை கொத்தித் தின்றுவிடக்கூடிய உயிர் இந்தக் குட்டி. கடலோரத்தில் வீடுகள் பெருகி இடம் சுருங்கிப்போன ரெட் டைமண்ட் கிலுகிலுப்பைப் பாம்பு இனத்தைக் கலிபோர்னியா அரசே கவனத்துக்குரியது என்று பட்டியலிட்டிருக்கிறது. அதன் குட்டிகளும் இந்தப் பொய்ப் பழியைச் சுமந்து மண்வெட்டிக்கு இரையாக வேண்டுமா?

ஆகவே வேறு மாதிரிச் சொல்லிக்கொடுப்போம். எந்தக் கிலுகிலுப்பைப் பாம்பைக் கண்டாலும் விலகிப் போ. எது கடித்தாலும் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்று, இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, 911-ஐ அழை. குட்டி கடித்தாலும் மருத்துவமனை, பெரியது கடித்தாலும் மருத்துவமனை. அதற்கு மேலும் 'எதற்கு அதிகமாகப் பயப்பட வேண்டும்?' என்று பிள்ளை கேட்டால் தயங்காமல் பெரியதைக் காட்டுங்கள்.