ஈப்போவுக்குப் போக எத்தனை வழி?

ஈப்போவுக்குச் செல்ல மூன்று வழிகள் உண்டென்று சொல்லுகிறார்கள். காரில் போகலாம், ரயிலில் போகலாம், ஆகாய விமானத்திலும் போகலாம். மூன்றும் உண்மைதான். ஆனால், இவற்றில் ஒன்றேனும் நம் லயத்து வாசலில் தொடங்குகிறதா?

இருக்கின்ற வசதியை மறைப்பது நம் நோக்கமன்று. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சுமார் 200 கிலோமீட்டர். நெடுஞ்சாலை வருவதற்கு முன்னர் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் என்று ஒவ்வொரு டவுனாக நுழைந்து, மர லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் வரவேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னர், கார் உள்ளவர் காலையில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னே ஈப்போவில் இருப்பார். 2010இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் கொண்டு வந்து சேர்க்கிறது. ரயிலடியில் இறங்கினால், வெள்ளைக்காரன் ஹப்பேக் வரைந்து கொடுத்த அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடம். அதன் எதிரே நகருக்குப் பெயர் கொடுத்த ஈப்போ மரம். நம் கித்தா மரத்தைப் போல அதுவும் வெட்டினால் பால் வடிக்கும். ஆனால் அந்தப் பால் நஞ்சு. பூர்வகுடி மக்கள் வேட்டை அம்பின் நுனியில் தடவியது. கித்தாப் பாலில் பிழைத்தவர்கள் அந்த மரத்தை ஒரு முறையாவது நின்று பார்க்க வேண்டும்.

இனி விமானம். சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் நகரை ஒட்டியே இருக்கிறது. நம் தோட்டத்தில் அங்கு வந்து இறங்கியவர் யாரென்று விசாரித்தோம். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு பையன் தீபாவளிக்கு வந்து இறங்கினானாம். சிங்கப்பூரிலிருந்து பறந்து வந்த நேரத்தைவிட, விமான நிலையத்திலிருந்து லயத்துக்கு வந்த நேரம் அதிகம் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். சுங்கை சிப்புட் டவுனிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர்தான். லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு 5 கட்டை. இந்த 5 கட்டையும் செம்மண். பாதி தூரம் கித்தா, மீதி செம்பனை. மழை பெய்தால் செம்பனை லாரி உழுத பள்ளத்தில் மோட்டார் சைக்கிளே விழும். முன்பு தோட்டத்துக்குள் வந்து போன பஸ், ஆள் குறைந்துவிட்டதென்று நின்றுவிட்டது. கைப்பேசியில் வாடகைக் கார் கூப்பிடலாம் என்பார்கள். லயத்தில் சிக்னல் கிடைக்காது. கிடைத்தாலும் கேட்டுக்கு உள்ளே வர எந்தக் காரோட்டியும் சம்மதிப்பதில்லை.

சென்ற மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். நம் தோட்டத்தில் 54 வயது அம்மா ஒருவர், முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். கண்ணில் புரை. காலை 8 மணிக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி மோட்டார் சைக்கிளில் தார் ரோடு வரை விடுவதாக இருந்தது. இரவெல்லாம் மழை, தம்பியால் வண்டியை எடுக்க முடியவில்லை. சாப்பு கார்க்காரர் 80 வெள்ளி கேட்டார். அந்தப் பணத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ரயிலில் வந்துவிடலாம்! அம்மா குடை பிடித்து இருட்டில் நடந்தார். ரோட்டுக்கு வந்தபோது பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனாலும் நேரம் தப்பிவிடும் என்று அங்கிருந்தே திரும்பிவிட்டார். அடுத்த தேதி நான்கு மாதம் கழித்துக் கிடைத்தது.

ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேராதவரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டு எப்படி இருக்கும்? சீட்டு இல்லை, ஆகவே செக்ரோலில் 'வரவில்லை' என்று பதிய வேண்டியதாயிற்று. அதை எழுதியது வேறு யாருமல்ல, நாமேதான். பேனாவை வைத்துவிட்டுத் துரையிடம் போய்ச் சொன்னோம். "எல்லார் வீட்டிலும் மோட்டார் சைக்கிள் இருக்கிறதே, கிராணி?" என்று கேட்டார். இருக்கிறது. புரை விழுந்த கண்ணோடு, நிறை மாதத்தோடு, முட்டி வலியோடு அதில் யார் ஏறுவது என்று கேட்டோம். பார்க்கலாம் என்றார். வருடக் கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. சங்கக் கூட்டத்தை எங்கே வைக்கிறோம்? ஈப்போவில், குளுகுளு அறையில், ஞாயிறு காலை 9 மணிக்கு. வருகிறவர் யார்? மோட்டார் சைக்கிளும் காரும் உள்ள ஆண்கள். பிறகு, 'பெண் தொழிலாளர்களுக்குச் சங்கத்தில் அக்கறை போதாது' என்று அறிக்கையில் எழுதுகிறோம். அப்படி எழுதிய கைகளில் நம் கையும் ஒன்று. அந்த 5 கட்டையை அவர்கள் எப்படிக் கடப்பார்கள் என்று ஒரு முறையேனும் கேட்டோமா?

நம் கருத்து இதுதான். சம்பளம், விலைப்படி, லீவு என்று பேசுகிற அதே மேசையில் போக்குவரத்தையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தேதி உள்ளவர்களையும் தொழிலாளர் இலாகா விசாரணைக்குப் போகிறவர்களையும் லயத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரையாவது தோட்ட வண்டி கொண்டுபோய் விட வேண்டும். அந்த நேரத்தைச் செக்ரோலில் வேலை நேரமாகப் பதிய வேண்டும். ஈப்போ வரை கொண்டுபோய் விடச் சொல்லவில்லை. தார் ரோடு வரை போதும். அங்கிருந்து நம் ஜனங்களுக்கு வழி தெரியும். இது பெரிய செலவென்று சொல்லுகிறவர்கள், பால் ஏற்றும் வண்டி தினமும் அதே 5 கட்டையைக் கடந்துதானே போகிறது என்பதைக் கவனிக்கட்டும். பாலுக்கு ஒரு நாளும் வழி தடைப்படவில்லை.

அடுத்த கிளைக் கூட்டத்தை ஈப்போவில் வைக்காமல், நம் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் மாலை 4 மணிக்கு வைக்கலாமென்று செயலாளருக்கு எழுதியிருக்கிறோம். 'வந்து சேர வசதி எப்படி?' என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது.