அலுமினியச் சமாதானம்

பைப் பிடிக்கிற மனிதரை நம்மில் பலர் சினிமாவில்தான் பார்த்திருப்போம். சில்க் கவுன் போட்டு மாடிப்படியில் இறங்கி வருகிற பணக்கார அப்பா. பழைய அமெரிக்க பைப் ஒன்று கையில் கிடைத்தால், வாயில் வைக்கிற தண்டைக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் முனையில் ஒரு சின்ன உலோகச் சமாச்சாரம் நீட்டிக்கொண்டிருக்கும். பெயர் ஸ்டிங்கர். அதாவது, கொடுக்கு! இதைக் கழற்றி எறியலாமா, கூடாதா என்று பைப் பிரியர்கள் பல வருஷமாக மல்லுக்கு நிற்கிறார்கள்.

நான் கழற்றச் சொல்கிற கட்சி. ஏன் என்று புரிந்துகொள்ள நீங்கள் புகைப்பவராக இருக்க வேண்டியதில்லை. கடையில் ஏதாவது வாங்குகிறவராக இருந்தால் போதும்.

புகையிலை எரிந்தால் நீராவி வரும். தண்டுக்குள் குளிர்ந்து தண்ணீராகும். உறிஞ்சினால் கொடகொடவென்று சத்தம், சில சமயம் நாக்கில் கசப்பாக ஒரு சொட்டு. நியூயார்க்கின் காஃப்மன் பிரதர்ஸ் அண்ட் பாண்டி கம்பெனி இதற்கு மருந்து கண்டுபிடித்தது. 1930-களில் தன் கேவுட்டி பைப்புகளில் துளை போட்ட உலோக உருண்டையைப் பொருத்தி, 'டிரிங்க்லெஸ்' என்று பெயர் சூட்டி விற்றது. கசப்புத் தண்ணீரைக் குடிக்க வேண்டாமாம். ஈரம் உலோகத்திலேயே தங்கிவிடுமாம்.

தங்கும்தான், பொய்யில்லை. ஆனால் புகை போகிற வழி குறுகிவிடுகிறதே! பலமாக இழுக்கிறீர்கள். பலமாக இழுத்தால் நெருப்பு கூடுகிறது, இன்னும் ஈரம் சேர்கிறது, நாக்கு எரிகிறது. சுத்தம் செய்ய பைப் கிளீனரை விட்டால் உருண்டை தடுக்கிறது. பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், வரவுப் பக்கத்தை மட்டும் காட்டி, பற்றுப் பக்கத்தைக் கிழித்துவிட்ட பேரேடு.

டாக்டர் கிராபோ என்று இன்னொரு பிராண்ட். அதிலும் கொடுக்கு உண்டு. சிகாகோவில் இருந்த ஒரு நிஜ டாக்டரின் பெயரைத்தான் பைப்புக்கு வைத்தார்கள். புகைக்கிற சாமானுக்கு டாக்டர் பெயர்! எதற்கென்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

இதே வித்தையை சிகரெட் கம்பெனிகள் இன்னும் பெரிதாகச் செய்தன. கென்ட் சிகரெட்டின் 'மைக்ரோனைட்' ஃபில்டர் ஆரோக்கியத்தின் காவலனாக விளம்பரம் செய்யப்பட்டது. 1952 முதல் 1956 வரை அந்த ஃபில்டரில் இருந்தது என்ன தெரியுமா? ஆஸ்பெஸ்டாஸ். நிஜமாகவே.

1964-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அறிக்கை வந்தது. சிகரெட்டை வெளுத்து வாங்கிய அறிக்கை என்றுதான் பலருக்கு ஞாபகம். பைப்புக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பையும் அது சொன்னது. அந்த வியாதிக்கு அலுமினிய உருண்டை என்ன செய்யும்? ஆனாலும் கையில் உலோகம் இருக்கிறதே என்று மனசு சமாதானமாகிறது. அந்தச் சமாதானத்துக்கும் சேர்த்துத்தான் விலை.

'கம்பெனிக்காரன் காரணமில்லாமலா வைத்திருப்பான்?' என்பது எதிர்க்கட்சியின் வாதம். காரணம் இருந்தது, சார். பக்கத்துக் கடை பைப்பில் அது இல்லை!

கழற்றுவது என்று முடிவெடுத்தால் ஒரு எச்சரிக்கை. செருகி வைத்த ரகமென்றால், காய்ந்த தாரை ஸ்பிரிட்டில் இளக வைத்து, துணி சுற்றிய குறடால் மெல்லத் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். பழைய கேவுட்டியில் கொடுக்கும் திருகு மரையும் ஒரே உலோகமாக இருக்கும். சிலர் ரம்பத்தால் அறுத்து விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உருண்டையில் நான்கு துளை இருந்தால் பைப் பழசு என்று சேகரிப்பவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அறுத்தால் வயசுச் சான்றிதழே போச்சு. அப்படிப்பட்ட பைப் உங்கள் வீட்டில் இருந்தால், பற்றவைக்காமல் அலமாரியில் வையுங்கள்.