கார்ன் ஃப்ளோரும் சோள மாவும்: எங்கள் நிலைப்பாடு

வார இதழ்களின் சமையல் குறிப்புகளில் ‘சோள மாவு – 2 டீஸ்பூன்’ என்ற வரி வாரம் தவறாமல் வருகிறது. கோபி மஞ்சூரியனுக்கும் சூப்புக்கும் கேட்கப்படும் அந்தச் சோள மாவில் சோளம் கிடையாது. தமிழில் சோளம் என்றால் மானாவாரி நிலத்தில் விளையும் வெள்ளைச் சோளமும் செஞ்சோளமும்தான். பெரம்பலூர்ப் பக்கம் ஏக்கர் ஏக்கராகப் பயிராவது மக்காச்சோளம். கடையில் கார்ன் ஃப்ளோர் என்று வாங்கும் வெள்ளைப் பொடியோ, மக்காச்சோளத்திலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த ஸ்டார்ச். மூன்றும் வெவ்வேறு பொருள்கள். பெயர் மட்டும் ஒன்றாகிவிட்டது. இந்தப் பெயர்க் குழப்பம் தட்டிலும் குழப்பத்தை உண்டாக்குகிறது என்பதால், ஊட்டச்சத்து குறித்து மக்களிடம் பேசிவரும் எங்கள் அமைப்பு தன் நிலைப்பாட்டைச் சொல்கிறது: கார்ன் ஃப்ளோர் குழம்பைக் கெட்டியாக்கவும் பொரியலை மொறுமொறுப்பாக்கவும் உதவும் பொருள். அதைச் சத்துணவாக ஊட்டுவதும், அப்படி நினைக்கும்படி பெயரிட்டு அழைப்பதும் தவறு.

அது எப்படித் தயாராகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். மக்காச்சோள மணிகளை வெந்நீரில், சிறிது கந்தக டைஆக்சைடு சேர்த்து, ஒன்றரை இரண்டு நாள் ஊறவைக்கிறார்கள். மணி இளகியதும் அரைத்து, முளைக்கருவைப் பிரித்து எண்ணெய் எடுக்க அனுப்புகிறார்கள். மேல்தோலும் புரதமும் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் போகின்றன. எஞ்சிய மாவுப்பாலைக் கழுவி உலர்த்தினால் கிடைப்பதுதான் கார்ன் ஃப்ளோர். 100 கிராம் முழு மக்காச்சோளத்தில் சுமார் 9 கிராம் புரதமும் 7 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. அதே அளவு ஸ்டார்ச்சில் 380 கலோரி இருக்கிறது, 90 கிராமுக்குச் சற்று மேல் மாவுச்சத்து இருக்கிறது. புரதம் கால் கிராம்தான், நார்ச்சத்து 1 கிராம்கூடத் தேறாது, வைட்டமின்கள் அறவே இல்லை. பெயரைக் கடன் கொடுத்த நம் சோளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: 100 கிராமில் ஏறக்குறைய 10 கிராம் புரதம், 10 கிராம் நார்ச்சத்து, 4 மில்லிகிராம் இரும்பு. ஸ்டார்ச்சில் உள்ள இரும்பு அரை மில்லிகிராமைத் தொடுவதில்லை. இரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும் நாட்டில் இந்த வித்தியாசத்தைச் சிறியது என்று ஒதுக்க எங்களால் முடியவில்லை.

சமையலில் அதற்குள்ள இடத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 8 கிராம் அளவு பொடியைக் குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் சூப்பில் ஊற்றிக் கிளறினால் ஒவ்வொரு துகளும் நீரைக் குடித்து உப்புகிறது. வெள்ளையாகக் கலங்கியிருந்தது சில நிமிடத்தில் பளபளத்து, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கிறது. இதனால் கூடுவது 30 கலோரி. நான்கு பேர் குடிக்கும் சூப்பில் இது ஒரு பொருட்டே இல்லை. துணைக்கு வந்தது உணவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் எங்களுக்குக் கவலை. கஸ்டர்ட் பவுடரை எடுத்துக்கொள்வோம். 1837இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக முட்டைக்குப் பதில் ஸ்டார்ச் சேர்த்து அதை உருவாக்கினார். நல்ல தீர்வுதான். ஆனால் முட்டையோடு அதன் புரதமும் போய்விட்டது. இன்று ஒரு கிண்ணம் கஸ்டர்டில் இருக்கும் சத்து பாலுடையது. மஞ்சள் நிறம் முட்டையுடையது அன்று.

எங்களுக்கு முதன்மையான கவலை குழந்தைகளைப் பற்றியது. சுலபமாகச் செரிக்கும் என்பதால் கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் கார்ன் ஃப்ளோர் கஞ்சி நல்லது என்ற வாதம் உண்டு. வேகவைத்த ஸ்டார்ச் சீக்கிரம் செரிப்பது உண்மை; அதே வேகத்தில் அது குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது என்பதும் உண்மை. ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும் குழந்தையின் வயிறு மிகச் சிறியது. அதில் இறங்கும் ஒவ்வொரு ஸ்பூனிலும் புரதமும் இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் இருந்தாக வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. ஸ்டார்ச்சில் 2 மில்லிகிராம். தண்ணீரில் காய்ச்சிய கார்ன் ஃப்ளோர் கஞ்சி குழந்தையின் பசியை அடக்கிவிடும், குழந்தை அழாது. அதனால்தான் குறை கண்ணில் படாமல் போகிறது.

‘அரிசியும் மாவுச்சத்துதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் தீட்டிய அரிசியிலும் 100 கிராமுக்கு 7 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுபவருக்கு அதிலிருந்தே 20 கிராம் புரதம் சேர்ந்துவிடும். பருப்பும் சாம்பாரும் அதற்கு மேல். கோதுமையின் குளூட்டன் ஆகாத சீலியாக் நோயாளிகளுக்குக் கார்ன் ஃப்ளோர் பாதுகாப்பானது என்ற வாதத்தை ஏற்கிறோம். ஆனால் சோளம், கம்பு, கேழ்வரகு, தினை எதிலும் குளூட்டன் இல்லை; கோதுமை கலக்காமல் சுத்தமாக அரைத்து வாங்கினால் பாதுகாப்போடு சத்தும் கிடைக்கும். ஒரு விதிவிலக்கை மட்டும் முழு மனதோடு சொல்கிறோம். கிளைக்கோஜன் சேமிப்பு நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்குச் சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வேகவைக்காத ஸ்டார்ச் மெதுவாகச் செரித்து மணிக்கணக்கில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும் என்பது 1984இல் மருத்துவ இதழில் வெளிவந்த பிறகு, குளிர்ந்த நீரில் கரைத்த பச்சை ஸ்டார்ச் அவர்களுக்குச் சிகிச்சையாயிற்று. அங்கே அது மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்து. அதைக் காட்டி மற்றக் குழந்தைகளுக்கும் நல்லது என்று வாதிட முடியாது.

ஆகவே, தயாரிப்பாளர்கள் பாக்கெட்டின் முகப்பில் ‘மக்காச்சோள ஸ்டார்ச்’ என்று தமிழிலும் அச்சிட வேண்டும் என்று கோருகிறோம்; முழு மக்காச்சோளக் கதிரின் படத்தைப் போட்டு, உள்ளே இல்லாத சத்தை நினைவூட்ட வேண்டாம். பாக்கெட் உணவு வாங்குவோர் உட்பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டும்: எடை அதிகமுள்ளது முதலில் வரும் என்பதால், ஸ்டார்ச் இரண்டாவது மூன்றாவது இடத்தில் இருந்தால் காசு எதற்குப் போகிறது என்று தெரிந்துவிடும். ஐ.என்.எஸ். 1422, 1442 என்ற எண்களும் மாற்றியமைத்த ஸ்டார்ச்சையே குறிக்கின்றன. இதழாசிரியர்களையும் சமையல் குறிப்பு எழுதுவோரையும் ‘சோள மாவு’ என்ற சொல்லைச் சோளத்தின் மாவுக்கே விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பயிற்சிக் கையேடுகளிலும் செய்முறைத் தாள்களிலும் அந்தத் தவறு இருக்கிறது; அடுத்த அச்சில் திருத்துகிறோம்.