கழுத்துப் பட்டையும் ஒரு முகவரிதான்!

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றால் வேலைவாய்ப்பு, நாட்டுப்பற்று, கம்ப்யூட்டர் யுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் வாத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "டேய், டிப்ளமோ படிக்கிறவனுக்கு வாத்து எதுக்குடா?" என்று விடுதி நண்பர்கள் கேட்டார்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் நாரையிடம் தன் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பிய பாட்டைத் தமிழாசிரியர் நடத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாரை தெற்கே குமரித்துறையில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் என்று புலவருக்குத் தெரிந்திருக்கிறது. பறவைகள் வலசை போவதைத் தமிழன் அன்றே பார்த்திருக்கிறான். ஆனால் ஒரு சந்தேகம். அடுத்த வருஷம் வந்த நாரை அதே நாரைதானா? அதை யாராலும் சொல்ல முடியாது. கூட்டத்தில் ஒன்றை மட்டும் தனியாக அடையாளம் காண வழி இல்லை.

அந்த வழியைக் கண்டுபிடித்தவர் பெரிய விஞ்ஞானி இல்லை. டென்மார்க் நாட்டில் ஒரு பள்ளி ஆசிரியர். ஹான்ஸ் மார்ட்டென்சன் என்று பெயர். முதலில் துத்தநாகத்தில் வளையம் செய்து பார்த்தார். கனம் அதிகம். பிறகு 1899-ல் இலேசான அலுமினியத் தகட்டில் எண்ணும் ஊரும் பொறித்து 165 மைனா இனப் பறவைகளின் காலில் மாட்டிப் பறக்க விட்டார். இன்று உலகம் முழுக்க நடக்கும் பறவை வளையமிடும் வேலைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. சரியான உலோகத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் அவருடைய வெற்றி! மெட்டீரியல்ஸ் பாடம் போரடிக்கிறது என்று சொல்பவர்கள் கவனிக்கவும்.

நம் நாட்டில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். 1957-ல் கர்நாடகத்தில் சிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகளும் மனிதர்களும் ஒரு புதுக் காய்ச்சலால் செத்தார்கள். உண்ணி மூலம் பரவும் நோய் அது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் அந்த உண்ணியைச் சுமந்து வருகின்றனவா என்று பார்க்க, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு டாக்டர் சாலிம் அலி 1959-ல் வளையமிடும் திட்டத்தைத் தொடங்கினார். நம் கோடியக்கரை அதில் முக்கியமான இடமாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பறவைக்கு அடிபடாமல் உயிரோடு பிடிப்பது சுலபமான வேலை இல்லை. அதைச் செய்து கொடுத்தவர்கள் பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை பிடிப்பவர்கள். அவர்களில் அலி ஹுசேன் என்பவர் பெயர் பறவை ஆராய்ச்சி உலகத்தில் பிரபலம். டாக்டர்கள் அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். பள்ளிக்கூடம் போகாத என் தாத்தா, வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிப் பிழைத்தவர், எந்த மாதம் எந்தப் பறவை வரும் என்று விரல் விட்டுச் சொல்வார். படிக்காதவர்களிடம் அறிவு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களிடம் அறிவு இருக்கிறது, எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

சரி, வாத்துக்கு வருவோம். அன்னத்தை நாம் கோயில் வாகனத்தில் பார்ப்பதோடு சரி. ஆனால் அன்னத்தின் உறவான வரித்தலை வாத்து நம் பக்கமே வருகிறது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். மங்கோலியா, திபெத், சீனத்து ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டித் தெற்கே வரும். நம் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி அதற்குப் பேர் போனது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகத்தான் அந்த ஏரிக்குப் போகிறது. 2024-ல் அந்த ஏரி ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலக அளவில் முக்கியமான நீர்நிலை ஆகிவிட்டது. நம் ஊர் வாய்க்கால் தண்ணீரை நம்பி மங்கோலியாவிலிருந்து விருந்தாளி வருகிறது, நண்பர்களே!

இந்த வாத்துக்கு மங்கோலியாவில் கழுத்தில் பிளாஸ்டிக் பட்டை போடுகிறார்கள். கோடையில் இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும்வரை சில வாரங்கள் அதனால் பறக்க முடியாது. அப்போது கூட்டமாக ஓட்டி வலைக்குள் பிடித்து, பட்டை மாட்டி விட்டுவிடுகிறார்கள். பட்டையில் பெரிய எழுத்தும் எண்ணும் இருக்கும். கால் வளையத்தைப் படிக்கப் பறவையைத் திரும்பப் பிடிக்க வேண்டும், இல்லை அது செத்துக் கிடைக்க வேண்டும். கழுத்துப் பட்டையைத் தொலைநோக்கி வைத்துக் கரையில் நின்றே படித்துவிடலாம். கால்களில் நிற வளையங்கள் மாட்டுவதும் உண்டு. ஐந்து நிறம், நான்கு இடம் என்று வைத்துக்கொண்டால் 625 பறவைகளைத் தனித்தனியாக அடையாளம் சொல்லலாம். கணக்கு சரிதானே? அப்படி மங்கோலியாவில் பட்டை போட்ட வாத்துக்களைத் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்திலும் மைசூர்ப் பக்கம் ஹதினாரு ஏரியிலும் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கும் மேலே போய், முதுகில் சிறு டிரான்ஸ்மிட்டர் கட்டி செயற்கைக்கோள் மூலம் பின்தொடர்கிறார்கள். சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் கருவி. பறவையின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. இரண்டரைக் கிலோ வாத்துக்கு 75 கிராம். அதற்குள் பேட்டரி, ஆன்டெனா, சர்க்யூட் எல்லாம் அடங்க வேண்டும்! அப்படிக் கிடைத்த தகவலில்தான் ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரம் வரை பறந்தது பதிவாயிற்று. கொடைக்கானலைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். அதே உயரத்தில் பறந்துகொண்டே இராமல், மலை ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கிச் சக்தியை மிச்சப்படுத்துகிறது என்றும் 2015-ல் கண்டுபிடித்தார்கள். நம் எஃபிஷியன்சி கணக்கு வாத்துக்குத் தெரிந்திருக்கிறது!

இப்போது எதிர்க் கட்சிக்கு வருகிறேன். "சும்மா போகிற ஜீவன் கழுத்தில் பட்டை மாட்டுவது பாவம் இல்லையா?" நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் பீட்டர் ஸ்காட் என்பவர் 1964 முதல் ஸ்லிம்பிரிட்ஜ் குளத்துக்கு வந்த அன்னங்களைப் பிடிக்காமலே, அலகில் உள்ள மஞ்சள் கறுப்பு வடிவத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து அடையாளம் கண்டார். அப்படி முடிகிற இடத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் மங்கோலியாவில் பார்த்த வாத்தை அரியலூரில் முகம் பார்த்துச் சொல்ல முடியுமா? எடை குறைவாக, காயம் படாமல், தேவையான எண்ணிக்கைக்கு மட்டும் பட்டை போடுவதில் தவறில்லை என்பது என் தாழ்மையான கருத்து. விளம்பரத்துக்காகப் போட்டால் அது பாவம்தான்.

"இதில் வெளிநாட்டுச் சதி இருக்குமோ?" என்று இன்னொரு கேள்வி. 1970-களில் பம்பாய்ச் சங்கத்தின் வளையமிடும் வேலைக்கு அமெரிக்க இராணுவப் பணம் வந்தது குறித்து நாடாளுமன்றக் குழுவே கேள்வி எழுப்பியது. கேட்டது சரிதான். கணக்கும் தகவலும் ஊரறிய இருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் முற்றினால் என்ன ஆகும் தெரியுமா? 2013-ல் எகிப்தில் டிரான்ஸ்மிட்டர் கட்டிய ஒரு நாரையை உளவாளி என்று பிடித்து வைத்தார்கள். நம் மும்பையில் 2023-ல் காலில் வளையம் போட்ட ஒரு புறாவைச் சீன உளவாளி என்று எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள். கடைசியில் அது தைவான் நாட்டுப் பந்தயப் புறா! சிரிப்பு வந்தாலும், வளையத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் இதுதான் கதி.

"சரிப்பா, இதனால் நமக்கு என்ன லாபம்?" இதுதான் முக்கியமான கேள்வி. 2005-ல் சீனாவில் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் 6,000-க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் செத்தன. அதிகம் செத்தது இந்த வரித்தலை வாத்துதான். அது எந்த வழியாக, எந்த மாதம், எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் எச்சரிக்கை கொடுக்க முடியும். பக்கத்தில் நாமக்கல்லில் எத்தனை கோழிப் பண்ணை, எத்தனை குடும்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு லாபம் இதைவிடப் பெரியது. நாகாலாந்தில் தோயாங் அணைப் பக்கம் 2012-ல் அமூர் வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் வலை போட்டுப் பிடித்துக் கொன்றார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. கிராமத்தாரே கூடி நிறுத்தினார்கள். 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்கு டிரான்ஸ்மிட்டர் கட்டி, நாகா, வோக்கா, பாங்தி என்று அவர்கள் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். நம்ம ஊர்ப் பெயரோடு கடல் தாண்டி ஆப்பிரிக்கா போகிற பறவையை யார் அடிப்பார்கள்?

நம் பக்கம் ஏரிக்கரையில் கண்ணி வைத்துப் பிடித்த கொக்கையும் மடையானையும் காலைக் கட்டித் தொங்கவிட்டு ரோட்டோரம் விற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதில் ஒன்றின் காலில் வளையம் இருந்தால்? விற்பவர் பயந்துபோய் அதைக் கழற்றி ஏரியில் வீசிவிடுவார். ஒரு பறவையின் சரித்திரமே அதோடு முடிந்தது. வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வயலில் கிடந்த வளையத்தை எடுத்து வரும் கூலிக்காரரை "நீ எப்படிப் பிடிச்சே?" என்று மிரட்டுகிற நிலைமை இருந்தால் யார் கொண்டு வருவார்கள்? ஆபீஸ் வாசலில் பேசவே தயங்குகிற ஜனங்கள் நாங்கள். எனக்கு அது நன்றாகவே தெரியும். வளையத்தைக் கொண்டு வருபவருக்கு முதலில் ஒரு நாற்காலி போட்டு, பிறகு விவரம் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் வீட்டில் தாத்தாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. அப்பாவுக்குப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்தநாள். ஹால் டிக்கெட்டில் பதிவு எண்ணோடு பெயர் வந்தது எனக்குத்தான் முதலில். எண் என்றால் சிலருக்கு விலங்கு மாதிரித் தோன்றலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அது "இவன் ஒருவன் இருக்கிறான்" என்று உலகம் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. பறவையின் கழுத்துப் பட்டையையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். கூட்டத்தில் ஒன்றாக இருந்தது, தனக்கென்று ஒரு வரலாறு உள்ள உயிராகிறது.

மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, வரும் ஆண்டு பேரவை நிதியில் ஒரு நல்ல தொலைநோக்கி வாங்க வேண்டும். இரண்டு, மார்கழி, தை மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரைவெட்டிக்கு ஒரு குழு போய் வாத்துக்களை எண்ண வேண்டும். பட்டை இருந்தால் நிறம், எழுத்து, தேதி, இடம் குறித்து வனத்துறைக்கும் பம்பாய்ச் சங்கத்துக்கும் அனுப்ப வேண்டும். செல்போனில் ஒரு படம் எடுத்தாலும் போதும். மூன்று, லால்குடி, புள்ளம்பாடி சுற்றிய ஏரிக்கரைகளில் "வளையம் கண்டால் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம்" என்று நல்ல தமிழில் பலகை வைக்க வேண்டும். வளையத்தில் இருப்பது ஆங்கிலம். நம் அப்பா, அம்மாவுக்கு அதைப் படித்துச் சொல்ல நாம்தான் இருக்கிறோம்.

எங்கோ ஒருவர் குளிரில் நின்று பட்டை மாட்டுகிறார். இங்கே ஒருவர் அதைப் படிக்காவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக். படிக்கத் தெரிந்தவர்கள் நாம். இந்த வருஷம் தண்ணீர் வந்ததும் ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள் நண்பர்களே! கண்ணில் பட்டதை எழுதி வையுங்கள்!